மருந்து வேணுமா, முதல்ல வேலை பாரு: ஒரு 400 வருஷக் கதை

(ஒலி வடிவத்திலிருந்து லேசாகத் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்குக் கதையை ஒரு வெப்சைட்ல இருந்து ஆரம்பிக்கிறேன்.

2018, ஜூன் மாசம். அமெரிக்காவுல ஆர்கன்சாஸ்னு ஒரு தெற்கு மாநிலம். ஏழைகளுக்கு அரசாங்கம் கொடுக்கிற மருத்துவக் காப்பீட்டுல இருந்த ஆயிரக்கணக்கான பேருக்கு ஒரு கடிதம் வருது. இனிமே நீங்க மாசம் 80 மணி நேரம் வேலை பார்க்கணும். இல்லன்னா படிக்கணும், வேலை தேடணும், தன்னார்வச் சேவை செய்யணும். செஞ்சதை அடுத்த மாசம் 5-ஆம் தேதிக்குள்ள ஆன்லைன்ல பதிவு பண்ணணும். போன்ல சொல்ல முடியாது. பேப்பர்ல எழுதிக் கொடுக்க முடியாது. கடிதத்துல வந்த ஒரு எண்ணை வெச்சு வெப்சைட்ல கணக்கு தொடங்கணும், அதுக்கு ஒரு ஈமெயில் முகவரி வேணும்.

அந்த வெப்சைட் தினமும் ராத்திரி 9 மணிக்கு மூடிடும். காலைல 7 மணிக்குத்தான் திறக்கும்.

ஆமா, வெப்சைட்தான். ரேஷன் கடை மாதிரி ஷட்டர் இறக்கிடுவாங்க. பகல் ஷிஃப்ட் முடிஞ்சு, பஸ் பிடிச்சு, பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டுட்டு உக்காரும்போது மணி 9:15 ஆச்சுன்னா, 'நான் இந்த மாசம் வேலை பார்த்தேன்'னு சொல்றதுக்கு வழி இல்லை. வீட்டுல இணைய வசதி குறைவா இருக்கிற அமெரிக்க மாநிலங்கள்ல ஆர்கன்சாஸும் ஒண்ணு, அதையும் சேர்த்துக்குங்க.

வருஷத்துல மூணு மாசம் பதிவு தவறிப்போச்சுன்னா காப்பீடு போச்சு. அந்த வருஷம் முடியற வரைக்கும் திரும்பச் சேர முடியாது. டிசம்பர் வர்றதுக்குள்ள 18,000 பேருக்கு மேல காப்பீட்டை இழந்தாங்க.

அவங்க எல்லாம் சோம்பேறிகளா? அப்படி இல்லன்னா எப்படி விழுந்தாங்க? அதுக்குப் பதில் தெரியணும்னா, நாம 2018-ஐ விட்டுட்டு 400 வருஷம் பின்னாடி போகணும்.

கை கால் நல்லாத்தானே இருக்கு

சிக்னல்ல யாராவது வந்து கை நீட்டினா, ஆட்டோக்குள்ள இருந்து ஒரு குரல் வரும். "கை கால் நல்லாத்தானே இருக்கு, உழைச்சுச் சாப்பிட வேண்டியதுதானே?" நம்ம எல்லாருக்கும் பழகின வாக்கியம். நம்மள்லயே பல பேர் சொல்லியிருப்போம். இதே வாக்கியத்தை ஒரு நாடு சட்டமா எழுதினா எப்படி இருக்கும்? இங்கிலாந்து எழுதுச்சு.

1601-இல், முதலாம் எலிசபெத் ராணி காலத்தில், ஏழைகள் சட்டம் வந்தது. ஒவ்வொரு தேவாலய வட்டாரமும் வரி வசூலித்துத் தன் ஏழைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்துக்கு இது பெரிய விஷயம், ஏன்னா ஏழையைக் காப்பாத்தறது தர்மம்ங்கிறது போய்க் கடமைன்னு ஆகுது. ஆனா சட்டம் ஏழைகளை ரெண்டாப் பிரிச்சுது. வயசானவங்க, கண் தெரியாதவங்க, ஊனமானவங்க ஒரு பக்கம். இவங்க இயலாதவங்க, உதவி உண்டு. உடம்புல தெம்பு இருக்கறவங்க இன்னொரு பக்கம். இவங்களுக்கு உதவி இல்லை, வேலை உண்டு.

பார்க்க நியாயமாத்தான் இருக்கு. சிக்கல் என்னன்னா, நோய் இந்தக் கோட்டை மதிக்காது. போன வாரம் மூட்டை தூக்கினவன் இந்த வாரம் காய்ச்சல்ல படுத்திருப்பான். அடுத்த வாரம் எழுந்திருக்கலாம், எழுந்திருக்காமயும் போகலாம். அவன் எந்தப் பக்கம்?

200 வருஷத்துக்கு மேல, உள்ளூர்ல ஆளைத் தெரிஞ்சவங்க இதை எப்படியோ சமாளிச்சிட்டிருந்தாங்க. அப்புறம் செலவு ஏறிப்போச்சு. வரி கட்டறவங்க கத்த ஆரம்பிச்சாங்க. 1832-ல ஒரு விசாரணைக் குழு போட்டாங்க. அதோட அறிக்கையை எழுதினதுல முக்கியமான ஆள் எட்வின் சாட்விக்னு ஒருத்தர், வக்கீலுக்குப் படிச்சவர், யாருக்கும் பிடிக்காத கறார் பேர்வழி. 1834-ல புதுச் சட்டம் வந்துச்சு. அதோட அடிப்படை விதி இதுதான்: அரசு உதவி வாங்கறவனோட நிலைமை, வெளியில வேலை பார்க்கிற மிகக் கடைசிக் கூலிக்காரனோட நிலைமையை விட மோசமா இருக்கணும். அப்பத்தான் உண்மையான தேவை இருக்கறவன் மட்டும் வருவான்.

அதுக்காகக் கட்டினதுதான் ஒர்க்ஹவுஸ். உழைப்பு இல்லம்னு சொல்லலாம். உள்ள போனா கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், குழந்தைங்க ஒரு பக்கம். சீருடை. கல் உடைக்கணும், பழைய கப்பல் கயிறைப் பிரிச்சு நாராக்கணும். சார்லஸ் டிக்கன்ஸோட ஆலிவர் ட்விஸ்ட் இந்தச் சட்டம் வந்து மூணு வருஷத்துல தொடரா வர ஆரம்பிச்ச கதை.

சரி, இதுல மருத்துவம் எங்க வருது?

இங்கதான் வருது. சட்டம் போட்டவங்க மனசுல இருந்தது வேலை வெட்டி இல்லாத வாலிபன். ஆனா உழைப்பு இல்லங்கள்ல வந்து நிறைஞ்சது நோயாளிகளும் கிழவர்களும் குழந்தைகளும். தெம்பு இருக்கறவங்களைப் பயமுறுத்தக் கட்டின கட்டடம், நாட்டோட மிகப்பெரிய ஆஸ்பத்திரியா ஆயிடுச்சு. யாரும் திட்டமிடலை. பயமுறுத்தறதுக்குக் கட்டினதால, ஆஸ்பத்திரிக்கு வேணுங்கிற எதுவும் அதுல இல்லை.

லண்டன்ல கிளீவ்லேண்ட் தெருன்னு ஒண்ணு. டிக்கன்ஸ் சின்ன வயசுல அதே தெருவுல குடியிருந்தார். அங்க இருந்த உழைப்பு இல்லத்துல 1856-ல ஜோசஃப் ரோஜர்ஸ்னு ஒரு டாக்டர் வேலைக்குச் சேர்ந்தார். நூத்துக்கணக்கான நோயாளிகளுக்கு ஒரே டாக்டர். மருந்து வாங்கற செலவை அவரோட சம்பளத்துல இருந்தே அவர் போட்டுக்கணும். அதாவது, நல்ல மருந்து கொடுத்தா டாக்டர் வீட்டுல சோறு குறையும். நர்ஸ்கள் யாருன்னா, அங்கேயே இருந்த ஏழைப் பெண்கள், பாதிப் பேர் வயசானவங்க, மருந்துச் சீட்டைப் படிக்கத் தெரியாதவங்க. ஆண் நோயாளிகள் படுத்திருக்கிற வார்டு ஜன்னலுக்கு வெளியிலயே கம்பளம் தட்டுற வேலை நடக்கும். தெம்பு இருக்கிற ஏழைங்க வேலை பார்க்கணும்ல? கம்பளத் தூசி முழுக்க நெஞ்சுச் சளிக்காரங்க மூக்குக்குள்ள. இந்த மொத்தச் சிந்தனையையும் ஒரே படமா வரையச் சொன்னா நான் இந்த ஜன்னலைத்தான் வரைவேன்.

1864 டிசம்பர்ல டிமோத்தி டேலின்னு ஒரு அயர்லாந்துக் கூலித் தொழிலாளி, ஹோல்போர்ன் உழைப்பு இல்லத்துல மூட்டுக் காய்ச்சலோட கிடந்து, படுக்கைப் புண் வந்து, கவனிப்பு இல்லாம, கடைசி நேரத்துல வேற ஆஸ்பத்திரிக்கு மாத்தப்பட்டு இறந்துபோனார். பத்திரிகைகள்ல வந்து பெரிய சர்ச்சையாச்சு. அடுத்த வருஷமே லான்செட் மருத்துவ இதழ் தன் டாக்டர்களை அனுப்பி லண்டன் உழைப்பு இல்லங்களை ஒவ்வொண்ணா ஆய்வு பண்ணுச்சு. 1867-ல சட்டம் மாறி, லண்டன்ல ஏழைகளுக்கான மருத்துவமனைகளை உழைப்பு இல்லத்துல இருந்து தனியாப் பிரிக்க ஆரம்பிச்சாங்க.

சாட்விக் பத்தி ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். 1834-ல ஏழைகளைக் கறாரா நடத்தச் சொன்ன அதே மனுஷன், 1842-ல தொழிலாளர்களோட சுகாதாரம் பத்தி ஒரு பெரிய அறிக்கை எழுதறார். அதுல என்ன சொல்றார்? சாக்கடை, அழுக்குத் தண்ணி, அதால வர்ற காய்ச்சல். இதனால குடும்பத் தலைவன் செத்துப் போறான், குடும்பம் உதவி கேட்டு வருது. அதாவது சோம்பேறித்தனம் இல்லை, நோய்தான் ஏழை ஆக்குது. எட்டு வருஷத்துல கிட்டத்தட்ட தலைகீழ். ஆனா முதல் சட்டம் மட்டும் அப்படியே இருந்துச்சு.

மருந்து குடிச்சா ஓட்டு இல்லை

எல்லா நோயாளியும் உழைப்பு இல்லத்துக்குள்ள போகணும்னு இல்லை. வட்டார டாக்டர் வீட்டுக்கு வந்தும் பார்ப்பார். ஆனா அவரா வர முடியாது. நிவாரண அதிகாரி ஒருத்தர் இருப்பார், அவர் சீட்டு எழுதிக் கொடுக்கணும். அந்த அதிகாரிக்கு மருத்துவம் தெரியாது. யார் உண்மையான நோயாளின்னு முதல்ல தீர்மானிக்கிறது அவர்தான். சில டாக்டர்கள் இதுக்கு ஒரு குறுக்கு வழி கண்டுபிடிச்சாங்க: ஆட்டிறைச்சி, பால், ஒயின்னு மருந்துச் சீட்டுலயே எழுதிடுவாங்க. பட்டினிக்கு மருந்து சாப்பாடுதானே! செலவை மேற்பார்வை பண்ற வாரியத்துக்காரங்களுக்கு இதைப் பார்த்தா எரியும்.

இன்னொரு தண்டனையும் இருந்துச்சு. 1832-ல இருந்தே ஒரு விதி: பொது நிவாரணம் வாங்கினவனுக்கு ஓட்டு கிடையாது. டாக்டர்கிட்ட ஒரு பாட்டில் மருந்து வாங்கினாலும் அது நிவாரணம்தான். பொண்டாட்டிக்கு வாங்கினாலும், பிள்ளைக்கு வாங்கினாலும் நிவாரணம்தான்.

இதுக்கு முதல் விலக்கு எதுக்குக் கொடுத்தாங்க தெரியுமா? தடுப்பூசிக்கு. அம்மைத் தடுப்பூசி இலவசமாப் போடறாங்க, ஆனா ஜனங்க வரலை. போட்டுக்கிட்டா பிச்சைக்காரன் பட்டியல்ல சேர்ந்துடுவோமோன்னு பயம். அதனால 1841-ல சட்டத்தைத் திருத்தி, தடுப்பூசி நிவாரணத்துல சேராதுன்னு எழுதினாங்க. பெரியம்மைக்குப் பணக்காரன் ஏழைன்னு தெரியாதே, பக்கத்துத் தெருவுக்கும் பரவுமே. என் வாசிப்பு இதுதான்: விலக்குகள் இரக்கத்துனால மட்டும் பிறக்கறதில்லை, பல நேரம் விலக்கு கொடுக்கறவனோட பயத்துனால பிறக்குது.

மத்த மருத்துவ உதவிக்கு அந்த விலக்கு கிடைக்க இன்னும் 44 வருஷம் ஆச்சு. 1884-ல கிராமப்புறத் தொழிலாளர்களுக்கும் ஓட்டுரிமை விரிஞ்சப்போ, இந்த விதியால புதுசா ஓட்டு வாங்கின பல பேர் உடனே அதை இழக்கற நிலைமை. 1885-ல ஒரு தனிச் சட்டம் வந்துச்சு. மருத்துவ உதவி மட்டும் வாங்கினவங்க ஓட்டுப் போடலாம்.

நடுவுல ஒரு சென்னைக் கதை

இந்தச் சிந்தனை கப்பல் ஏறி நம்ம ஊருக்கும் வந்துச்சு. 1876-ல பருவமழை பொய்த்து, மெட்ராஸ் மாகாணம் முழுக்கப் பஞ்சம். 1877 ஜனவரில சர் ரிச்சர்ட் டெம்பிள்ங்கிற அதிகாரியை மேலிடம் அனுப்புது, செலவைக் குறைக்கச் சொல்லி. அவர் நிவாரண வேலை பார்க்கிற ஆம்பளைக்கு நாள் ஒண்ணுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், கூட ஒரு சின்னக் காசு போதும்னு நிர்ணயிச்சார். நாள் பூரா மண்ணு வெட்டறவனுக்கு! வீட்டுப் பக்கத்துல வேலை கொடுக்கக் கூடாது, தூரத்துல கொடுக்கணும், நடந்து வர்றவன்தான் உண்மையான பசிக்காரன்னு ஒரு சோதனையும் வெச்சாங்க.

எதிர்த்து நின்னது ஒரு டாக்டர். மாகாணத்தோட சுகாதார ஆணையர் கார்னிஷ். ஒன்றரைப் பவுண்டு தானியமாவது வேணும், பருப்பும் காய்கறியும் வேணும், இல்லன்னா வேலை பார்க்கிற உடம்பு அந்த வேலையாலேயே அழியும்னு அவர் எழுதிக்கிட்டே இருந்தார். கொஞ்ச மாசத்துல கூலியைப் பாதி வழி ஏத்தினாங்க. அதுக்குள்ள எத்தனையோ பேர் போயிட்டாங்க.

பறக்கும் ரயில்ல மயிலாப்பூர் பக்கம் போகும்போது கீழ கருப்பா ஒரு கால்வாய் தெரியும்ல? பக்கிங்ஹாம் கால்வாய். அடையாறையும் கூவத்தையும் சேர்க்கிற அந்தச் சுமார் 8 கிலோமீட்டர், 1877-78 பஞ்ச நிவாரண வேலையா வெட்டினது. பிறகு 1880-கள்ல வந்த பஞ்ச விதிகள்லயும் அதே பழைய கோடுதான்: தெம்பு இருந்தா வேலை, இல்லன்னா இலவச நிவாரணம். யாருக்குத் தெம்பு இருக்குன்னு பார்த்துச் சொல்ல ஓர் அதிகாரி.

கோட்டை அழிச்சவங்க, திரும்பப் போட்டவங்க

இங்கிலாந்து 1948-ல இந்தக் கோட்டை மருத்துவத்துல இருந்து முழுசா அழிச்சுது. ஜூலை 5-ஆம் தேதி தேசிய சுகாதாரச் சேவை தொடங்குச்சு, ஏழைகள் சட்டத்தோட கடைசி மிச்சமும் அன்னைக்கே ரத்து. டாக்டர்கிட்ட போக நீ ஏழைன்னும் நிரூபிக்க வேணாம், உழைப்பாளின்னும் நிரூபிக்க வேணாம். பழைய உழைப்பு இல்லக் கட்டடங்கள் நிறைய அப்படியே அரசு ஆஸ்பத்திரி ஆச்சு. அங்க போக மாட்டேன்னு அடம்பிடிச்ச கிழவிகள் ரொம்ப வருஷத்துக்கு இருந்தாங்க.

அமெரிக்கா அந்த வழியில போகலை. 1965 ஜூலை 30-ஆம் தேதி, மிசூரி மாநிலம் இண்டிபெண்டன்ஸ் ஊர்ல, முன்னாள் அதிபர் ட்ரூமனைப் பக்கத்துல உக்காரவெச்சு, லிண்டன் ஜான்சன் ஒரு சட்டத்துல கையெழுத்துப் போட்டார். அதுல ரெண்டு திட்டம். 65 வயசு தாண்டினவங்களுக்கு மெடிகேர். ஏழைகளுக்கு மெடிக்கெய்ட். அன்னைக்குப் பேச்செல்லாம் மெடிகேர் பத்தித்தான், மெடிக்கெய்ட் ஒட்டுத் துணி மாதிரி கூட வந்தது.

மெடிக்கெய்ட் எல்லா ஏழைக்கும் இல்லை. வயசானவங்க, பார்வை இல்லாதவங்க, ஊனமுற்றவங்க, குழந்தைங்க இருக்கிற ஏழைக் குடும்பம். பட்டியலைக் கேட்டா ஏதாவது ஞாபகம் வருதா? 1601! கடல் தாண்டி, மூணரை நூற்றாண்டு தாண்டி, அதே இயலாதவங்க பட்டியல். குழந்தை இல்லாத, தெம்பு இருக்கிற ஒருத்தன் எவ்வளவு ஏழையா இருந்தாலும் பெரும்பாலான மாநிலங்கள்ல இடமே இல்லை. பெத்தவங்களுக்கும் வருமான வரம்பு ரொம்பக் கீழ. ஆர்கன்சாஸ்ல, வறுமைக் கோட்டுல சுமார் 17 சதவீதத்துக்கு மேல சம்பாதிச்சா, அம்மா அப்பா வெளியில. அதனால வேலை பார்க்கணும்ங்கிற நிபந்தனைக்கே அப்ப அவசியம் வரலை. வாசல்லயே நிறுத்தியாச்சே.

1996-ல கிளிண்டன் கையெழுத்துப் போட்ட சட்டம், ஏழைக் குடும்பங்களுக்கான பண உதவிக்கு வேலை நிபந்தனை வெச்சுது. பண உதவி வாங்கறவங்க எண்ணிக்கை சட்டுனு குறைஞ்சுது, தனியாப் பிள்ளை வளர்க்கிற அம்மாக்கள் வேலைக்குப் போறதும் கூடுச்சு. பொருளாதாரம் நல்லா இருந்த காலம், வேற வரிச் சலுகையும் இருந்துச்சு, அதனால எது எவ்வளவு காரணம்னு இன்னும் சண்டை ஓடுது. ஆனா நிறைய அரசியல்வாதிகள் மனசுல இது வேலை செய்யுதுன்னு பதிஞ்சுபோச்சு. அந்தச் சட்டத்துல மெடிக்கெய்ட்டைப் பண உதவியில இருந்து பிரிச்சு வெச்சாங்க, காசு நின்னாலும் மருந்து நிக்கக் கூடாதுன்னு. இது ரொம்ப முக்கியம், பின்னாடி கோர்ட்ல வரப் போகுது.

2010-ல ஒபாமா சட்டம் அந்தப் பட்டியலையே தூக்கிப் போட்டுச்சு. வறுமைக் கோட்டுல 138 சதவீதம் வரைக்கும் வருமானம் இருந்தா போதும், வயசு வந்த யாரும் மெடிக்கெய்ட்ல சேரலாம். 2012-ல உச்ச நீதிமன்றம், மாநிலங்கள் விரும்பினா மட்டும் இதை ஏத்துக்கலாம்னு சொல்லிடுச்சு. ஆர்கன்சாஸ் ஏத்துக்கிட்டுது. தெற்குல அது அபூர்வம். 2014-ல இருந்து அந்த மாநிலத்துல வாழ்க்கையில முதல்தடவையா காப்பீடு பார்த்தவங்க ஏராளம்.

தெம்பு இருக்கறவங்களும் உள்ள வந்துட்டாங்க. வந்ததும் பழைய கேள்வியும் கூடவே வந்துச்சு. கை கால் நல்லாத்தானே இருக்கு?

விலக்கு இருக்கு, ஆனா நிரூபி

2018 ஜனவரி 11-ஆம் தேதி டிரம்ப் அரசு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதுது: மெடிக்கெய்ட்டுக்கு வேலை நிபந்தனை வைக்க விரும்பினா விண்ணப்பியுங்க. மறுநாளே கென்டக்கிக்கு அனுமதி. ஆனா அது தொடங்கறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஃபெடரல் நீதிபதி ஜேம்ஸ் போஸ்பெர்க் தடுத்துட்டார். அதனால நாட்டுலயே முதல்ல நடைமுறைக்கு வந்தது ஆர்கன்சாஸ்ல. முதல்ல 30 முதல் 49 வயசுக்காரங்க.

ஆதரவாளர்கள் வாதத்தையும் சரியாச் சொல்லிடறேன். குறைஞ்ச சம்பளத்துக்கு உழைச்சு வரி கட்டறவர், உழைக்காத ஒருத்தரோட காப்பீட்டுக்கு ஏன் பணம் கொடுக்கணும்? வேலை பார்க்கிறது உடம்புக்கும் மனசுக்கும் நல்லது. பணம் அளவாத்தான் இருக்கு, ஊனமுற்றவங்களுக்கு முதல்ல போகட்டும். இதுல முட்டாள்தனமா ஒண்ணும் இல்லை. கர்ப்பிணிகள், வீட்டுல பிள்ளைங்க இருக்கறவங்க, நோயாளியைப் பார்த்துக்கறவங்க, உடல்நலம் குன்றியவங்க, முழுநேர மாணவர்கள்னு விலக்குகளும் நிறைய இருந்துச்சு. மாநில அரசு தன்கிட்ட இருந்த பதிவுகளை வெச்சே பெரும்பகுதிப் பேரைத் தானாவே விடுவிச்சுது.

மீதிப் பேர்தான் மாட்டினாங்க. அவங்க யாரு? ஹார்வர்டு ஆய்வாளர்கள் போய்ப் பார்த்து 2019-ல நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்ல எழுதினாங்க. இந்த விதிக்குள்ள வந்த வயசுக்காரங்கள்ல 95 சதவீதத்துக்கும் மேல ஏற்கெனவே போதுமான வேலை பார்த்துட்டிருந்தாங்க, இல்லன்னா விலக்குக்குத் தகுதியானவங்க. மூணுல ஒருத்தருக்கு இப்படி ஒரு விதி இருக்கறதே தெரியாது. வேலைக்குப் போறவங்க எண்ணிக்கை கூடலை. காப்பீடு இல்லாதவங்க எண்ணிக்கைதான் கூடுச்சு.

இப்ப அந்த முதல் கேள்விக்கு வரலாம். விழுந்தவங்க எப்படி விழுந்தாங்க? வேலை பார்க்காததால இல்லை, பார்த்த வேலையை வெப்சைட்ல சொல்லாததால. கோர்ட்ல வழக்குப் போட்டவங்கள்ல ஒருத்தர் கதை: நுரையீரல் நோய், ஆனா வேலைக்குப் போயிட்டிருந்தார். ஒரு தடவை பதிவு பண்ணினார், அதோட முடிஞ்சுதுன்னு நினைச்சார். மாசாமாசம் பண்ணணும்னு புரியலை. மருந்துக் கடை கவுன்டர்ல நின்னப்பத்தான் காப்பீடு ரத்தானது தெரிஞ்சுது. மருந்து இல்லாம மூச்சு முட்டி, வேலைக்குப் போக முடியாம, கடைசில வேலையும் போச்சு. வேலைக்கு அனுப்பறதுக்காகக் கொண்டு வந்த விதி!

விலக்கும் அப்படித்தான். உடம்பு முடியலைன்னா விலக்கு உண்டு. ஆனா உடம்பு முடியலைன்னு நிரூபிக்க டாக்டர் சான்று, படிவம், இணையம், ஞாபக சக்தி எல்லாம் வேணும். மன அழுத்த நோய் இருக்கறவர் கட்டிலை விட்டே எழுந்திருக்க முடியாததாலதான் விலக்கு கேக்கறார். அவரைப் போய் பாஸ்வேர்டு மாத்தச் சொன்னா? 1850-கள்ல நிவாரண அதிகாரி கொடுத்த சீட்டு, இப்ப லாகின் பக்கம் ஆயிடுச்சு. ஒரு வித்தியாசம். அந்த அதிகாரி நோயாளியோட முகத்தையாவது பார்த்தார்.

2019 மார்ச் 27-ஆம் தேதி அதே நீதிபதி போஸ்பெர்க் ஆர்கன்சாஸ் திட்டத்தை நிறுத்தினார். அவர் காரணம் ரொம்ப எளிமையானது: மெடிக்கெய்ட் சட்டத்தோட நோக்கம் மருத்துவ உதவி கொடுக்கறது. எத்தனை பேர் அந்த உதவியை இழப்பாங்கன்னு அமைச்சர் யோசிக்கவே இல்லை. 2020 பிப்ரவரில மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஆமான்னு சொல்லுச்சு. 1996-ல பண உதவிக்கு வேலை நிபந்தனை எழுதின நாடாளுமன்றம், மெடிக்கெய்ட்டுக்கு எழுதலைங்கிறதையும் அவங்க சுட்டிக்காட்டினாங்க.

தடை வந்த பிறகு இழந்த காப்பீடு பெரும்பாலும் திரும்பிடுச்சு. ஆனா நடுவுல காப்பீட்டை இழந்தவங்கள்ல பாதிப் பேர் மருத்துவக் கடனை அடைக்கச் சிரமப்பட்டாங்க, 64 சதவீதம் பேர் பணம் இல்லாம மருந்தைத் தள்ளிப் போட்டாங்கன்னு அதே ஹார்வர்டு குழு பின்னாடி எழுதுச்சு. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்தைத் தள்ளிப் போட்டா என்ன ஆகும்னு நம்ம வீட்டுல எல்லாருக்கும் தெரியும்.

ஜார்ஜியா மாநிலம் வேற மாதிரி முயற்சி பண்ணுச்சு. 2023 ஜூலைல, வேலை பார்த்தா மட்டும் மெடிக்கெய்ட்டுன்னு புதுசா ஒரு திட்டம். முதல் வருஷம் 25,000 பேர் சேருவாங்கன்னு சொன்னாங்க. சேர்ந்தது சுமார் 4,300. சிகிச்சைக்குச் செலவானதை விட, தகுதி பார்க்கிற கம்ப்யூட்டர் அமைப்புக்கும் நிர்வாகத்துக்கும் செலவானது அதிகம். வேலியைக் கட்டின காசுல தோட்டத்துக்குத் தண்ணி ஊத்தியிருக்கலாம்.

கோர்ட் சொன்ன ஓட்டையை நாடாளுமன்றம் அடைச்சிடுச்சு. சட்டத்துல இல்லைன்னுதானே சொன்னீங்க, எழுதிட்டா போச்சு. 2025 ஜூலை 4-ஆம் தேதி டிரம்ப் கையெழுத்திட்ட சட்டப்படி, மெடிக்கெய்ட் விரிவாக்கத்தில் சேர்ந்த 19 முதல் 64 வயது வரையிலானவர்கள் மாதம் 80 மணி நேரக் கணக்குக் காட்ட வேண்டும். பெரும்பாலான மாநிலங்களுக்குக் கடைசிக் கெடு 2027 ஜனவரி 1. இதனால சுமார் 50 லட்சம் பேர் காப்பீடு இல்லாதவங்க ஆவாங்கன்னு நாடாளுமன்றத்தோட சொந்த பட்ஜெட் அலுவலகமே கணக்குப் போட்டிருக்கு.

விலக்குப் பட்டியல் இந்தத் தடவை இன்னும் நீளம். 13 வயசு வரைக்கும் உள்ள பிள்ளையோட பெற்றோர், கர்ப்பிணிகள், பார்வை இல்லாதவங்க, ஊனமுற்றவங்க, போதைப் பழக்கத்துல இருந்து மீள்றவங்க, பூர்வகுடி மக்கள், ஜெயில்ல இருந்து வந்து மூணு மாசம் ஆகாதவங்க. 'தீவிரமான அல்லது சிக்கலான உடல்நலக் குறைவு' உள்ளவங்களும் பட்டியல்ல இருக்காங்க. எது தீவிரம், யார் சான்று கொடுக்கணும், எத்தனை மாசத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும்? பிள்ளைக்கு 14 வயசு பொறக்கற அன்னைக்கு அந்த அம்மாவுக்கு யார் போய்ச் சொல்லுவா? மாநிலத்துக்கு மாநிலம் ஆபீஸ்கள்ல உக்காந்து படிவமும் சாஃப்ட்வேரும் தயார் பண்றவங்க கைலதான் இப்ப இதெல்லாம் இருக்கு.

இந்த எபிசோடு இவ்வளவுதான். சாட்விக் பத்தித் தனியா ஒரு எபிசோடு வேணும்னா எழுதுங்க, எனக்கும் அந்த ஆள் மேல ஒரு கண்ணு இருக்கு. அடுத்த வாரம் பார்க்கலாம்.